செல்விக்குக் கொடுத்த நீல டிரம்

"...எனக்கு மட்டுந்தான் வாசம் அடிக்கா, இல்ல நெசமாவே இருக்கா? நீங்களே ஒரு வாய் குடிச்சுப் பாத்துச் சொல்லுங்க பாய்" என்று செல்வி தம்ளரை நீட்டினாள்.

அது நான் கொடுத்த டிரம்மில் பிடித்த தண்ணீர். பூச்சிமருந்து வந்த டிரம். தெரிந்தேதான் கொடுத்தேன். ஆறு வருடமாக யாரிடமும் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன்.

தாராவியில் பழைய பிளாஸ்டிக்கை அரைக்கும் பட்டறை என்னுடையது. விவசாய மருந்துக் கம்பெனி ஒன்று, காலி டிரம்கள் வயலில் கிடந்து மண்ணையும் கிணற்றையும் கெடுக்கக் கூடாதென்று திரும்ப வாங்கி எனக்கு அனுப்பியது. வந்ததும் ஓட்டை போட்டு, படம் எடுத்து அனுப்பிவிட்டு, அரைக்க வேண்டும். எதற்கு ஓட்டை? யாரும் அதில் தண்ணீர் பிடித்துவிடக் கூடாது என்பதற்கு... இதைவிடத் தெளிவாக எனக்கு யார் சொல்ல முடியும்?

ஒன்றை மட்டும் ஓட்டை போடாமல் ஒதுக்கினேன். காசுக்காக இல்லை. எதிர்வீட்டுச் செல்வி இட்லி அவித்து மாட்டுங்காவில் விற்கிறவள். அவளுடைய டிரம் விரிசல் விட்டிருந்தது. குழாயில் தண்ணீர் வருவதோ இரண்டு மணி நேரம். "பாய் இருக்கையில எனக்கென்ன கவலை" என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள். அந்தப் பேச்சில் மயங்கினேன். நல்லவன் என்று பெயர் வாங்குவதில் எனக்கு அப்படியொரு ஆசை.

நாலு தடவை சலவைச் சோடா போட்டுக் கழுவினேன். வாசம் போகவில்லை. பழச்சாறு வந்த டிரம் என்று சொல்லிக் கொடுத்துவிட்டேன்.

மறுநாளே தம்ளரோடு வந்து நின்றாள். உண்மையைச் சொல்லியிருக்கலாம். கையைத் தட்டிவிட்டிருக்கலாம். தெருவில் நாலு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்...

"இன்னைக்கு வியாழக்கெழமைல்லா, நோன்பு வச்சிருக்கேம்மா. அது பழ எசன்ஸ் வாசம். ரெண்டு நாள்ல போயிரும்."

நோன்பும் இல்லை, ஒன்றும் இல்லை. காலையில் டீ குடித்து, பன் தின்ற வாய் அது. ஒளிந்துகொள்ள எனக்குப் படைத்தவனின் பெயர்தானா கிடைத்தது?

அன்று சாயங்காலமே வேறு டிரம் மாற்றிக் கொடுத்தேன். அதனால் என்ன? அதற்குள் அந்தத் தண்ணீரில் எத்தனை ஈடு இட்லி வெந்ததோ, யார் யார் தின்றார்களோ... அவள் இன்றும் நன்றாகத்தான் நடமாடுகிறாள். அவள் ஒவ்வொரு முறை இருமும்போதும் நான் எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

அன்று நான் நோன்பு என்றதும் செல்வி தம்ளரைச் சட்டென்று பின்னுக்கு இழுத்தாள். "நோன்புக்காரர்ட்ட போயித் தண்ணிய நீட்டுதேன் பாருங்க" என்று நாக்கைக் கடித்துக்கொண்டாள். பிறகு, என் முன்னால் குடிக்கக் கூடாதென்று முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, தம்ளரைக் காலி செய்தாள்.