அக்டோபர் இரண்டில் பிறந்த அண்ணன்

எங்கள் வீட்டில் பிள்ளைகளுக்கு இரண்டு பிறந்தநாள்கள் உண்டு. ஒன்றை நாடே கொண்டாடும். மற்றது என்னுடையது.

அண்ணன் பிறந்தது அக்டோபர் இரண்டு. அதற்கு மேலான ஒரு நாள் மனிதப்பிறவிக்குக் கிடைக்காது என்பது அப்பாவின் கட்சி. "உனக்காக இந்தியாவே லீவு எடுக்குது மக்கா" என்பார் அவனிடம். அப்பா நாகர்கோவிலில் ஒரு கதர்க் கடையில் வேலை பார்த்தார். வேட்டி, சட்டை, கைக்குட்டை, தலையணை உறை எல்லாமே கதர். பொய் மட்டும் அவருக்கு ஆகவே ஆகாது. துணி எடுக்க வருகிறவர்களிடம் கேட்காமலே "இது சாயம் போகும் பாத்துக்கிடுங்கோ" என்று சொல்லி அனுப்பிவைத்துவிட்டு, அதை வீட்டில் வந்து பெருமையாகச் சொல்லுவார். அம்மா தலையில் அடித்துக்கொள்வாள்.

நான் பிறந்தது மார்ச் பதினொன்று. உலகத்தில் அன்றைக்கு ஒன்றும் நடக்கவில்லை. சும்மா சொல்லவில்லை, தேடிப் பார்த்தவள் நான். அண்ணனுடைய பொது அறிவுப் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் முக்கிய தினங்கள் என்று ஒரு பட்டியல் இருந்தது. ஜனவரி இருபத்தாறு இருந்தது, ஆகஸ்ட் பதினைந்து இருந்தது. நவம்பர் ஒன்றுகூட இருந்தது, எங்கள் மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த நாள். திருநெல்வேலிப் பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போகும்போது நாங்கள் மட்டும் வீட்டில் கிடக்கும் அருமையான நாள். மார்ச்சில் எட்டாம் தேதி மகளிர் தினம். பதினொன்றுக்கு எதுவும் இல்லை. ஒரு மூன்று நாள் முந்திப் பெற்றிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும் என்று அம்மாவிடம் சண்டைக்குப் போனேன்.

"எட்டாந் தேதி எனக்கு வலி வந்தால்லா பிள்ளே பெற முடியும்? போய் வாய்ப்பாடு படி" என்றாள் அம்மா. அவளுக்கு மீன் நறுக்குகிற அவசரம்.

ஒவ்வொரு அக்டோபர் இரண்டும் எங்கள் ஊர் கொட்டாரத்தில் பஸ் ஏறிக் கன்னியாகுமரிக்குப் போவோம். கடலில் கரைப்பதற்கு முன் காந்தியின் அஸ்தியைப் பொதுமக்கள் பார்க்க வைத்த இடத்தில் மண்டபம் கட்டியிருக்கிறார்கள். நடுவில் ஒரு பீடம், மேலே கூரையில் ஒரு சின்னத் துவாரம். அக்டோபர் இரண்டாம் தேதி நடுப்பகலில் சூரிய வெளிச்சம் அந்தத் துவாரம் வழியாக இறங்கி நேராகப் பீடத்தில் விழும். அதைப் பார்க்கக் கூட்டம் முண்டும். அப்பா அண்ணனைக் கையில் பிடித்துக்கொண்டு, "இன்னைக்குப் பொறந்த பிள்ளை, கொஞ்சம் வழி விடுங்கோ" என்று சொல்லிச் சொல்லியே முதல் வரிசைக்குப் போய்விடுவார். அண்ணன் கஞ்சி போட்ட கதர்ச் சட்டைக்குள் விறைத்துக்கொண்டு நிற்பான். விழாவுக்கு வந்த அதிகாரி யாராவது அவன் கன்னத்தைத் தட்டி ஒரு லட்டு கொடுப்பார். எனக்கு அம்மாவின் இடுப்பு மட்டும்தான் தெரியும். அந்த லட்டில் பாதியை அவன் எனக்குத் தருவான் என்பதைச் சொல்லாமல் விட்டால் நான் நல்லவள் இல்லை. ஆனால் பாதி லட்டு பாதி லட்டுதானே.

அக்டோபர் எங்கள் ஊரில் மழை கூடும் மாதம். பதினொன்றரைக்கு மேல் மேகம் வந்து மறைத்தால் கூட்டம் உச்சுக்கொட்டும். அண்ணன் மட்டும் வெளிறிப்போவான். மேல் உதட்டில் வியர்வை நிற்கும். கண்ணைக் கூரையில் வைத்துக்கொண்டு வாய்க்குள் என்னவோ முணுமுணுப்பான். பிறந்தநாள்காரன் பிரார்த்தனை பண்ணுகிறானாம். என்னா நடிப்பு என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வெளிச்சம் விழுந்ததும் உஸ்ஸென்று மூச்சு விடுவான், அதுவும் நடிப்பு.

ஒரு லாபம் எனக்கும் இருந்தது. அவனை எத்தனை கிள்ளினாலும் திருப்பி அடிக்க மாட்டான். கையை ஓங்கினால் போதும், அப்பாவின் குரல் எங்கிருந்தாவது வரும்: "நீ பொறந்த நாளு என்னன்னு மறந்திராத." கை அப்படியே இறங்கிவிடும். பள்ளிக்கூடத்திலும் அதே கதை. "ஏலே காந்தி" என்று கூப்பிட்டு அவன் பம்பரத்தைப் பிடுங்கிக்கொண்டு போவார்கள். யாராவது ஜன்னலை உடைத்தால் வாத்தியார் அவனைக் கூப்பிட்டுத்தான் விசாரிப்பார், இவன் பொய் சொல்ல மாட்டான் என்று. அதனால் அவனுக்குக் கூட்டாளியும் கிடையாது. இதையெல்லாம் நான் அப்போது பெருமையின் கணக்கில்தான் சேர்த்துவைத்தேன்.

எனக்கு ஒன்பது வயதான வருடம், பிறந்தநாளுக்கு முந்தின நாள் மாமா வந்தார். அம்மாவுக்குத் தம்பி. கன்னியாகுமரிக் கடற்கரையில் கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, வருகிறவர்களைப் படம் எடுத்துப் பிழைக்கிறவர். உள்ளங்கையில் சூரியனை ஏந்துகிற மாதிரி, விரலால் கிள்ளுகிற மாதிரியெல்லாம் எடுத்துக் கொடுப்பார். வாயைத் திறந்தால் அளப்புதான் என்று அப்பாவுக்கு அவரைக் கண்டாலே ஆகாது. நான் அவரிடம் அழுதுகொண்டே முறையிட்டேன், என் நாளுக்கு ஒன்றுமே இல்லை, சூரியன்கூட அண்ணன் கட்சி என்று.

மாமா கொஞ்ச நேரம் தாடையைச் சொறிந்தார். "மார்ச்சு பதினொண்ணு இல்லியா? அன்னைக்கும் அங்க விழும் மக்கா" என்றார்.

"பொய்."

"நான் வருசம் பூரா அந்த வெளிச்சத்தை வச்சுத்தான் கஞ்சி குடிக்கேன். எந்த மாசம் எங்க விழும்னு எனக்குத் தெரியாதா? தெக்க போற சூரியன் திரும்பி வராண்டாமா? போகும்போ ஒருக்கா, வரும்போ ஒருக்கா."

மறுநாள் சனிக்கிழமை. வளையல் வாங்கித் தருகிறேன் என்று அம்மாவிடம் சொல்லி மாமா என்னைக் கூட்டிக்கொண்டு போனார். மண்டபத்தில் ஈ காக்கை இல்லை. காவலுக்கு இருந்த பெரியவர் நாற்காலியில் உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருந்தார். வடக்கத்திப் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேர் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாமா அவர்களிடம் போய் சூரஜ், காந்திஜி, போட்டோ என்று தனக்குத் தெரிந்த மூன்று இந்தி வார்த்தைகளையும் மாற்றி மாற்றிப் போட்டு நிறுத்திவைத்தார்.

பன்னிரண்டு மணி ஆனது. பீடத்தில் ஒன்றும் விழவில்லை. நாலைந்து முழம் தள்ளித் தரையில் ஒரு துண்டு வெளிச்சம் கிடந்தது. எனக்கு உதடு பிதுங்கியது.

"மாமா, நீங்க பொய்தான் சொன்னீங்க."

"பொறு மக்கா. இந்த மாசம் இவன் கொஞ்சம் பிந்தித்தான் வருவான். பஸ்ஸே நேரத்துக்கு வரல்ல."

பத்து நிமிடம் ஆனது. வடக்கத்திக்காரர் கடிகாரத்தைக் காட்டி ஏதோ சொல்ல, மாமா மறுபடியும் மூன்று வார்த்தைகளையும் சொன்னார். நான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு தரையையே பார்த்தேன். அந்தத் துண்டு வெளிச்சம் நகர்ந்துகொண்டுதான் இருந்தது. முதலில் ஒரு முழம் தாண்டியது, அப்புறம் இன்னொன்று. பன்னிரண்டு இருபது தாண்டியபோது பீடத்தின் விளிம்பைத் தொட்டு ஏறி, நடுவில் வந்து உட்கார்ந்தது. அதே வெளிச்சம். அக்டோபரில் அம்மாவின் இடுப்புக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்த அதே வெளிச்சம், இப்போது எனக்கு மட்டும். மாமா படம் எடுத்தார்.

காவலர் பெரியவர் முறுக்குத் தூளைத் தட்டிக்கொண்டு எழுந்து வந்தார். "என்ன பிள்ளே, இன்னைக்கு என்ன விசேஷம்?"

"என் பிறந்தநாள். எனக்காகத்தான் விழுது."

"ஆர் நின்னாலும் விழும்" என்றார் அவர் அலுப்பாக. "இது வருசா வருசம் உள்ளதாக்கும். ரெண்டாந் தேதிக்கு ஆளு வரும். இப்ப வராது. வெளிச்சம் அதுபாட்டுக்கு வந்துட்டுப் போவும்."

இந்த மனுஷனை யார் கேட்டார்கள்? ஆனாலும் என் சந்தோஷம் குறையவில்லை. திரும்பும்போது பஸ்ஸில் மாமா, "அண்ணன்கிட்ட மறக்காம சொல்லீரணும் கேட்டியா. பெரியவரு சொன்னதையும் சேத்துச் சொல்லு" என்றார். அதை எனக்குச் சொல்லித்தர வேண்டுமா? கொட்டாரம் வருகிறவரைக்கும் எப்படிச் சொல்வது, எங்கே நிறுத்துவது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தேன். அவன் ஓவென்று அழ வேண்டும். அதுதான் நான் கேட்ட பிறந்தநாள் பரிசு.

கிணற்றடியில் அவன் தன் பள்ளிக்கூடச் சட்டையைத் துவைத்துக்கொண்டிருந்தான். சொந்தத் துணியைத் தானே துவைக்க வேண்டும், அதுவும் அந்தப் பிறந்தநாளின் உத்தரவு. நான் இடுப்பில் கை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். சத்தியம் பண்ணத் தயாராக இருந்தேன், அதற்கு வேலையே வரவில்லை. கேட்டதும் நம்பிவிட்டான்.

"மார்ச்சுலயும் விழுதா?"

"ஆமா. பீடத்துல நடுவுல."

"ஆர் நின்னாலுமா?"

"காவலுக்கு இருக்கப்பட்ட தாத்தாவே சொன்னாரு."

"அன்னைக்குப் பொறக்காதவன் நின்னாலும் விழுமா பிள்ளே?"

என்ன மாக்கான் கேள்வி இது என்று நினைத்தேன். "சூரியன் என்ன ஜாதகமா பாக்கும்?" என்றேன் எரிச்சலோடு.

அண்ணன் சட்டையைக் கல்லில் போட்டுவிட்டுச் சிரித்தான். சோப்பு நுரைக் கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் சிரித்தான். அப்புறம் உள்ளே போய், யாரையும் தொடவிடாத தன் பச்சை மைப்பேனாவைக் கொண்டுவந்து என் கையில் வைத்தான். "பிறந்தநாளுக்கு" என்றான். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஜெயித்தது நான். தோற்றவன் எதற்குச் சிரிக்கிறான்?

அந்தக் கோபத்தில் மறுநாள் காலையில் வழக்கம் போல ஒரு கிள்ளு கிள்ளினேன். முதுகில் பளார் என்று ஒன்று விழுந்தது. வாழ்க்கையிலேயே அவன் என்னை அடித்த முதல் அடி. வலியைவிட அதிர்ச்சியில்தான் கத்தினேன். அப்பா ஓடிவந்தார்.

"எடேய், நீ பொறந்த நாளு என்னன்னு..."

"தெரியும் அப்பா" என்றான் அண்ணன். கையைக் கட்டிக்கொண்டு, அப்பாவின் முகத்தை நேராகப் பார்த்து நின்றான். "அந்த வெளிச்சம் மார்ச்சுலயும் விழுதாம். ஆர் நின்னாலும் விழுமாம்."

 அப்பா தோளில் கிடந்த கதர்த் துண்டை எடுத்து உதறி, மறுபடி தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார். அடித்தவனுக்கு ஒரு வார்த்தை இல்லை, அடி வாங்கினவளுக்கு ஒரு ஆறுதல் இல்லை. இந்த வீட்டில் பெண்பிள்ளைக்கு நியாயம் கிடைக்காது என்று அன்று முழுக்கச் சாப்பிடாமல் கிடந்தேன், சாயங்காலம் அம்மா மீன் பொரிக்கிற வரைக்கும்.

அண்ணனுக்குப் பெண் பார்க்கத் தொடங்கின சமயத்தில்தான் ஜாதகக் குறிப்பு வெளியே வந்தது. அவன் பிறந்தது அக்டோபர் நாலு. அம்மா அடக்கமாட்டாமல் சிரித்துக்கொண்டே சொன்னாள்: பள்ளிக்கூடத்தில் சேர்க்கிற அன்று, தேதி கேட்டபோது அப்பா ஒரு நிமிடம் தயங்கி, ரெண்டு நாள்தானே என்று மாற்றிச் சொல்லிவிட்டாராம். அவர் ஆயுளில் சொன்ன ஒரே பொய், அதுவும் காந்திக்காக. பக்கத்தில் ஐந்து வயது அண்ணன் அதைக் கேட்டுக்கொண்டு நின்றதை அப்புறம்தான் பார்த்திருக்கிறார். "வெளிய சொல்லீராத மக்கா" என்று கேட்டுக்கொண்டாராம். அவனும் சொல்லவில்லை. அந்தக் கிணற்றடி நாள் வரைக்கும் ஏழு வருடம், அந்தப் பொய்யைச் சுமந்துகொண்டுதான் மண்டபத்தில் முதல் வரிசையில் நின்றிருக்கிறான்.

போன அக்டோபரில் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். அவன் தன் பிள்ளைகளை மண்டபத்துக்குக் கூட்டிக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தான். வாசலில் செருப்பு மாட்டும்போது கேட்டேன், அப்போதெல்லாம் மேகம் வந்ததும் கூரையைப் பார்த்து என்னதான் வேண்டிக்கொள்வாய் என்று.

வானத்தை ஒரு தடவை பார்த்துவிட்டுச் சொன்னான்: "வேற என்னத்த? அப்பாவைக் காட்டிக் குடுத்திராதன்னுதான்."