வலமாகப் போகாத படகு

கார்த்திகை தீபத்துக்கு வந்த உறவினர்களை மறுநாளே ஊருக்கு அனுப்புவது எங்கள் வீட்டில் மரியாதைக் குறைவு. சாத்தனூர் அணைக்குக் கூட்டிப்போய், வெயிலில் நடக்கவிட்டு, நன்றாகக் களைப்பாக்கித்தான் அனுப்புவோம்.

எழுபதுகளின் நடுவில் அங்கே வந்தவர்கள் பூங்காவை நந்தவனமாகவும் படகைத் தெப்பமாகவும் பாவித்தார்கள். புல்லை மிதிக்காமல் ஓரமாக நடந்தார்கள். செருப்பைக் கரையில் விட்டு, தண்ணீரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு படகேறினார்கள். எண்பது பிறப்பதற்குள் கூட்டம் மாறிவிட்டது. பெல்பாட்டம், கூலிங் கிளாஸ், தோளில் டிரான்சிஸ்டர். படகு நகர்வதற்கு முன்பே எழுந்து நின்று ஆட்டினார்கள். பதினோரு வயதில் நான் இரண்டாம் கூட்டத்தில் சேரத் துடித்தேன். தகுதி என்று பார்த்தால் ஒரு அரைக்கால் சட்டைதான் இருந்தது.

கீழ்பென்னாத்தூர் அத்தை, அப்பாவின் அக்கா, மூன்று தீபமாகப் படகுக்குக் காத்திருந்தவர். ஒரு வருஷம் மழை, ஒரு வருஷம் படகு பழுது, ஒரு வருஷம் எங்கள் முறை வருமுன் கவுண்டரை மூடிவிட்டார்கள். கிணற்றையும் ஏரியையும் தவிர வேறு தண்ணீர் அறியாதவர், கடலைக்காய் பிடுங்குவதைக்கூடத் தள்ளிவைத்துவிட்டு வந்திருந்தார். நான்காவது தீபத்துக்குத்தான் இடம் கிடைத்தது. அப்பாவும் அம்மாவும் குரங்குகளிடமிருந்து புளிசாதத்தைக் காக்க, நானும் அத்தையும் நான்கு காலேஜ் பையன்களோடு படகில் ஏறினோம்.

ஏறுமுன் அத்தை செருப்பைக் கழற்றினார். உட்கார்ந்ததும் கைகூப்பினார்.

“மலைய சுத்துற மாதிரி வலமாவே போப்பா.”

“அணைய சுத்தினா பொழுது சாஞ்சிடும்மா” என்றார் படகுக்காரர்.

“இன்னா ஆயா, தேங்கா ஒடைக்கலியா?” என்றான் ஒரு பையன். எல்லோரும் சிரித்தார்கள்.

எல்லோரையும்விட நான் உரக்கச் சிரித்தேன். போதாதென்று, “எங்க அத்த கற்பூரமே எடுத்தாந்திருக்குது!” என்றேன். அது உண்மை. காலையில் பையில் எடுத்துவைத்து, யாரிடமும் சொல்லாதே என்று என்னிடம் மட்டும் காட்டியிருந்தார். பையன்களில் ஒருவன் என் முதுகில் தட்டினான். நான் சேர்த்துக்கொள்ளப்பட்டேன்.

அத்தை பையை மடிக்குள் இழுத்துக்கொண்டார். பிறகு எழுந்தார்.

“கிறுகிறுன்னு வருது கண்ணு. நீ போய்ட்டு வா.”

படகுக்காரர் கையைப் பிடித்துக் கரையில் இறக்கிவிட்டார். பெரியவர்களுக்கு அடிக்கடி கிறுகிறுக்கும் என்பதால் நான் கவலைப்படவில்லை. பையன்களைப் பார்த்தபடி, கரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டேன். இப்போது அங்கே வருகிறவர்கள் தண்ணீருக்கு முதுகைக் காட்டி நின்று தங்களையே படமெடுத்துக்கொள்கிறார்கள். அவர்களைக் கண்டிக்க எனக்கு அருகதை இல்லை.

திரும்பி வந்ததும் அம்மா, “ஒங்கத்த இப்பதான்டா கைய எறக்குனாங்க, அதுவரைக்கும் ஒன்னப் பாத்து ஆட்டிக்கினே நின்னாங்க” என்றாள். எனக்குப் பசி.

பஸ்ஸில் அத்தை என் பக்கத்தில் உட்கார்ந்தார். பஸ் கிளம்பியதும் கேட்டார்:

“நடுவுல போறப்ப கரை தெரியுதாடா?”

“நல்லா தெரியுது.”

“நா தெரிஞ்சனா?”

“நா அந்தப் பக்கம் பாக்கவே இல்லயே” என்றேன். பொய் சொல்லக் கூடாது என்று பள்ளியில் சொல்லியிருந்தார்கள். கரையில் நிற்பவர் கரையில்தானே நிற்பார், அதில் பார்க்க என்ன இருக்கிறது என்றும் எனக்குத் தோன்றியது.