அமலதாசின் பின் இருக்கை

ஹவுன்ஸ்லோவில் அந்தத் தெருவுக்கே அமலதாசைவிட அவருடைய மொறிஸ் மைனரைத்தான் கூடத் தெரியும். விமான நிலையத்தில் பொதிகள் ஏற்றி இறக்கும் வேலை போக, மிச்ச நேரமெல்லாம் அவர் அந்தப் பழைய காரின் அடியில் கிடந்தார். மனைவி எமில்டா லண்டன் தெருக்களில் பஸ் ஓட்டுகிறவள். ஆனாலும் காரின் திறப்பை அவர் அவள் கையில் கொடுத்ததே இல்லை.

மகள் மேனுஷாவுக்குக் கலியாணம் நிச்சயமானது. அவளைத் தன் காரில்தான் மாதா கோயிலுக்குக் கொண்டுபோவது என்று அமலதாஸ் எப்போதோ முடிவுகட்டியிருந்தார்.

“அந்தக் காரிலயோ? ஏலாதப்பா,” என்றாள் மகள். “பின்னுக்கு இருந்தா றோட்டில போட்டிருக்கிற ஒவ்வொரு ஹம்புக்கும் தலை கூரையில இடிக்குது. என்ர கொண்டை என்னத்துக்காகும்?”

“பின் ஸ்பிரிங் எல்லாம் புதுசாப் போடுறன், பிள்ளை.”

“போட்டிட்டு நீங்களே பின்னுக்கு இருந்து பாருங்கோ. வெள்ளைச் சேட்டு, கையில ஒரு கப் பிளேன்ரீ. சேட்டில ஒரு சொட்டுப் படாட்டி வாறன்.”

பழைய ஸ்பிரிங்குகளின் இரும்புத் தகடுகள் வளைவிழந்து தட்டையாகிக் கிடந்தன. அவற்றைக் கழற்றிப் புதியவற்றைப் பூட்டினார். ஷொக் அப்சோபர்களையும் இந்தக் காலத்து வகைக்கு மாற்றினார். தனியாக ஓட்டிப் பார்த்தார். முன்னால் இருந்தவருக்கு எல்லாம் வெண்ணெய்போல இருந்தது.

சோதனையன்று வேறு வழியில்லாமல் திறப்பு கைமாறியது.

“பாத்து, எமில்டா. இது பஸ் இல்லை.”

“தெரியுது. பஸ்ஸில ஏறுற சனம் நன்றியாவது சொல்லும்.”

முதல் ஹம்பிலேயே கார் ஆட்டுக்குட்டிபோலத் துள்ளியது. தேநீர் முழுவதும் நெஞ்சில்.

எமில்டா கண்ணாடியில் பார்த்தாள். “இன்னும் வெள்ளையோ?”

அவர் மறுபடி காருக்கு அடியில் போய்ப் படுத்தார். பிழை பிடிபட வெகுநேரம் எடுக்கவில்லை. சில்லுகள் தொங்க, காரை உயர்த்தி வைத்தபடியே போல்ட்டுகளை இறுக்கிவிட்டிருந்தார். ஸ்பிரிங் நுனியிலிருந்த றப்பர்கள் அந்த நிலையிலேயே பிடித்துக்கொண்டன. கார் நிலத்துக்கு வந்ததும் முறுகி விறைத்துவிட்டன. எல்லாவற்றையும் தளர்த்தினார். காரை இறக்கிச் சில்லில் நிறுத்தி, பாரத்துக்கு எமில்டாவைப் பின் இருக்கையில் இருத்திவிட்டு மீண்டும் இறுக்கினார்.

“அசையாதையும்.”

“ஏன், படமோ எடுக்கிறியள்?”

வேறொரு வெள்ளைச் சேட்டைப் போட்டுக்கொண்டு ஏறினார். இரண்டாம் முறை தேநீர் விளிம்புவரை எழும்பியது. பிறகு அடங்கியது. அடுத்த ஹம்பில் அவர் ஒரு வாய் குடிக்கவும் செய்தார்.

வீட்டு வாசலில் கார் நின்றதும் மேனுஷா அவருடைய சேட்டைக் கழுத்திலிருந்து அடிவரை பார்த்தாள். “சரி, வாறன். ஆர் ஓட்டுறது?”

“வேற ஆர்? நான்தான்.”

“அப்பா, என்னைக் கையில பிடிச்சு உள்ளுக்குக் கூட்டிக்கொண்டு போறது ஆர்? நீங்கள் பார்க்கிங் தேடித் திரிய நான் கோயில் வாசல்ல நிக்கிறதோ?”

அமலதாஸ் அதை யோசித்திருக்கவில்லை. இத்தனை நாளும் பின் இருக்கையைப் பற்றியே நினைத்தவர், அதில் தானும் இருக்க வேண்டிவரும் என்று நினைக்கவேயில்லை. எமில்டாவைப் பார்த்தார். அவள் இன்னும் ஓட்டும் இருக்கையைவிட்டு எழும்பவில்லை.

“கலியாணத்தண்டைக்கு ஹம்பில மெதுவாப் போம்,” என்றார்.

“இவ்வளவு நேரமும் பின்ன எப்பிடிப் போனனான்?”

திறப்பைக் கழற்றித் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு இறங்கினாள். அமலதாஸ் பின் இருக்கையிலேயே இருந்து மிச்சத் தேநீரைக் குடித்து முடித்தார்.