நான் சொல்லாத ‘ஹோல்டான்’

என் காதில் விழவில்லை என்று நான் ஒரு பொய் சொன்னேன். எழுபத்தோரு வயதில், ஒரு மருத்துவமனை வராந்தாவில், ஒரு பெண்ணின் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். சில ஆண்டுகளுக்கு முன், மே மாதத்து ஞாயிற்றுக்கிழமை அது. அன்று காலை அடையாறில், எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் கார் நிறுத்துமிடத்தில் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் கல்லூரியில் இயற்பியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். என் நண்பரான எதிர்வீட்டுக்காரர் முப்பது வருடம் பேருந்து ஓட்டியவர். மாலையில் இருவரும் கேரம் ஆடுவோம். குடியிருப்பின் மூத்தோர் சங்கத்துக்கு நான்தான் தலைவர். ஆனால் எல்லோரும் கூடி நிற்பது அவரைச் சுற்றித்தான். அது எனக்கு உள்ளுக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

அவருடைய மருமகள் ஜப்பானில் முதியோர் பகல்நேரக் காப்பகம் ஒன்றில் ஆறு வருடம் வேலை பார்த்துவிட்டு வந்தவள். அதுபோல ஒன்றை மயிலாப்பூரில் தொடங்க வேண்டும் என்பது அவள் ஆசை. இடம் பார்த்தாகிவிட்டது. எங்கள் குடியிருப்பிலேயே ஆறு பேர் சேர்வதாகப் பெயர் கொடுத்திருந்தார்கள். ஜப்பானில் கோடையில் பெரியவர்களை விளையாட வைக்கும் விளையாட்டுகளை ஒருநாள் எங்களுக்கும் காட்டுகிறேன் என்றாள். வெயில் ஏறுவதற்கு முன் முடித்துவிடலாம் என்று காலை ஏழு மணிக்கே கார்களை வெளியே எடுக்கச் சொல்லிவிட்டாள்.

காற்றடைத்த ரப்பர் தொட்டி ஒன்றில் தண்ணீர் நிரப்பி, சின்னச் சின்ன பிளாஸ்டிக் மீன்களை மிதக்க விட்டிருந்தாள். ஒரு வளையத்தில் மெல்லிய காகிதம் ஒட்டியிருக்கும். அது ஊறிக் கிழிவதற்குள் மீன்களை அள்ள வேண்டும். நண்பர் பதினொன்று அள்ளினார். என் காகிதம் தண்ணீரில் வைத்ததுமே கிழிந்தது.

“இன்னா புரொபசரே, காயிதம் நனைஞ்சா கியிஞ்சிடும்னு உன் புக்குல போடலியா?” என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். காது மட்டும் சூடாக இருந்தது.

கடைசி விளையாட்டு தர்ப்பூசணி உடைப்பது. கண்ணைக் கட்டிக்கொண்டு, சுற்றி நிற்பவர்கள் சொல்லும் வழியைக் கேட்டு நடந்துபோய்க் கோலால் அடிக்க வேண்டும். “ஜப்பான்ல சுத்தி நிக்கறவங்க வேணும்னே தப்பா வழி சொல்லி ஏமாத்துவாங்க, அது ஒரு ஜாலி. நமக்கு அது வேண்டாம். யாரும் தப்பா சொல்லக்கூடாது, ஓகேவா?” என்று பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்வதுபோல் எங்களிடம் சொன்னாள். ஒவ்வொருவர் நடக்கும்போதும் ஓரடி பின்னால், முதுகில் கை படும் தூரத்தில் கூடவே நடந்தாள்.

நண்பர் முறை வந்தது. துண்டால் கண்ணைக் கட்டிக்கொண்டு உரக்கச் சொன்னார்: “மத்தவன் கூவுறத நான் கேக்கமாட்டேன். புரொபசர்தான் என் கண்டக்டர். கண்டக்டர் வா வான்னா நான் கண்ண மூடிக்கினு ரிவர்ஸ் எடுப்பேன். ஹோல்டான்னா பிரேக்கு. அவ்ளோதான்.”

அந்த நேரம் பார்த்து ஓர் அம்மாள் தலை சுற்றுகிறது என்று நாற்காலியில் சாய்ந்தார். மருமகள் என்னிடம் ஓடி வந்தாள். “அங்கிள், அவங்களுக்குத் தண்ணி குடுத்துட்டு வந்துடறேன். ஒரு நிமிஷம் மாமா பின்னாடி நீங்க நில்லுங்க.”

“நீ போம்மா, நான் பாத்துக்கறேன்” என்றேன்.

நான் அவர் பின்னால் போய் நிற்கவில்லை. முன்னால் நின்றுகொண்டு, “வாங்க, வாங்க, கொஞ்சம் லெஃப்ட்ல ஒடிச்சு வாங்க” என்று அழைத்தேன். தர்ப்பூசணி அவருக்கு வலப்பக்கம் இருந்தது. இடப்பக்கம் தண்ணீர்த் தொட்டி. அவர் அதில் காலை விட்டு நனைய வேண்டும், இந்த முறை எல்லோரும் அவரைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். நான் நினைத்தது அவ்வளவுதான். ஆனால் காலையிலிருந்து தொட்டியைச் சுற்றித் தண்ணீர் சிந்தி, அந்த வழவழப்பான தரை முழுக்க ஈரமாக இருந்ததும் எனக்குத் தெரியும்.

ஆளுக்கொன்றாகக் கூவிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தத்தில் என் குரலைத் தனியாகப் பிரித்துக் கேட்டவர் அவர் ஒருவர்தான். நடுவில் சட்டென்று நின்றார். வெறுங்காலால் தரையைத் தேய்த்தார்.

“தரை ஈரமா கீதே, புரொபசரே?”

ஹோல்டான் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். “அது ஒண்ணும் இல்ல. வாங்க, வாங்க” என்றேன்.

அடுத்த அடியில் விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது.

மருத்துவமனையில் அவரை அறுவை சிகிச்சைக்கு உள்ளே கொண்டுபோன பிறகு அவர் மகன் தன் மனைவியைப் பிடித்துக்கொண்டான். “பின்னாடியே இருப்பேன்னு சொன்னியே, நீ எங்க போன?”

“அங்கிள்கிட்ட சொல்லிட்டுத்தாங்க போனேன்” என்று அவள் என் பக்கம் திரும்பினாள். நான் ஆமாம் என்று சொல்வதற்காகக் காத்திருந்தாள்.

“அப்படி எதுவும் என் காதுல விழலையேம்மா. ஒரே சத்தமா இருந்துதே” என்றேன்.

அவள் என்னைப் பார்த்துவிட்டு, போய் ஓர் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

பெயர் கொடுத்த ஆறு பேரும் ஒருவர் பின் ஒருவராக விலகிக்கொண்டார்கள். மாமனாரையே பார்த்துக்கொள்ளத் தெரியாதவள் மற்றவர்களை எப்படிப் பார்ப்பாள் என்ற பேச்சு லிஃப்டில் என் காதிலேயே விழுந்தது. மயிலாப்பூர் இடத்தில் வேறு யாரோ தையல் கடை வைத்தார்கள். நண்பர் உயிர் பிழைத்தார். ஆனால் கட்டிலும் நடைவண்டியும்தான் என்றாகிவிட்டது. எப்படி விழுந்தீர்கள் என்று யார் கேட்டாலும், “நான்தான் வயிக்கி வுயுந்துட்டேன்” என்பார். நான் தினமும் போய்ப் பார்த்தேன். பழம் வாங்கிப் போனேன். அவள் எனக்குக் காபி கொடுத்தாள். எட்டு மாதம் அந்தக் காபியைக் குடித்தேன்.

ஒருநாள் அவள் டம்ளரை வைத்துவிட்டுத் தலைகுனிந்தபடி உள்ளே போனாள். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. கட்டிலருகே உட்கார்ந்து நண்பரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

“தெரியும் புரொபசரே” என்றார். “ஈரம் கால்ல பட்டுச்சு. கேட்டேன். நீ வா வான்ன. வந்தேன். கண்டக்டர மாட்டி வுட்டு எனக்குப் பயக்கம் இல்ல. வுடு.”

அத்தோடு எழுந்து வந்திருக்கலாம். வராந்தாவில் சொன்ன பொய்யையும் சொன்னேன். அது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. அவர் மயக்கத்தில் இருந்தபோது நடந்தது. வீட்டில் யாரும் அவரிடம் சொல்லவில்லை. அவர் முகம் மாறியதைப் பார்த்தேன்.

“என் காலு போனா போவட்டும். அந்தப் பொண்ணு எட்டு மாசமா இந்த வூட்ல தல தூக்கல. என் மூஞ்சியப் பாத்தே பேச மாட்டுது, இன்னான்னு கேட்டாலும் சொல்லல. என்னான்ட எதுக்கு சொல்ற? போ, அதான்ட சொல்லு. எல்லாரும் இருக்கசொல சொல்லு.”

அடுத்த ஞாயிறு சங்கக் கூட்டம், அதே கார் நிறுத்துமிடத்தில். அவளையும் அவள் கணவனையும் வரச் சொல்லியிருந்தேன். எழுந்து நின்று, அவள் என்னிடம் சொன்னதையும், நான் ஒப்புக்கொண்டதையும், எந்தப் பக்கம் அழைத்தேன் என்பதையும், மருத்துவமனையில் சொன்ன பொய்யையும் வரிசையாகச் சொன்னேன். தலைவர் பதவியையும் விட்டேன். அதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. எல்லோரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் கணவன் நாற்காலியைத் தள்ளிவிட்டு வெளியே போனான்.

அவள் அழவில்லை, திட்டவும் இல்லை. “நான் உங்ககிட்ட சொன்னேன்னு எனக்கு நல்லா ஞாபகம் இருந்துது அங்கிள். எல்லாரும் இல்லைன்னு சொல்லச் சொல்ல, சொல்லவே இல்லையோன்னு நானே நம்ப ஆரம்பிச்சுட்டேன்” என்றாள்.

பெயர் கொடுத்த ஆறு வீடுகளுக்கும் ஏறி இறங்கினேன். இரண்டு பேர் மறுபடி வருகிறேன் என்றார்கள். அதைச் சொல்ல அவளிடம் ஓடினேன். “வேண்டாம் அங்கிள். இப்ப ஒருத்தரைக் கையைப் பிடிச்சு நடக்க வெக்கவே எனக்கு பயமா இருக்கு” என்று கதவைச் சாத்திக்கொண்டாள். இப்போது துரைப்பாக்கத்தில் ஏதோ ஓர் அலுவலகத்தில் கணினி முன் உட்கார்ந்து வேலை பார்க்கிறாள். லிஃப்டில் என்னைக் கண்டால் லேசாகத் தலையசைப்பாள்.

நண்பர் என்னை வர வேண்டாம் என்று சொல்லவில்லை. கட்டில் ஓரமாகப் பலகையைப் போட்டு இன்றும் கேரம் ஆடுகிறோம். முடிந்ததும் நடைவண்டியைப் பிடித்துக்கொண்டு கழிவறைக்குப் போக எழுவார். நான் முன்னால் நின்று “வாங்க” என்பேன். அவர் கண்கள் திறந்துதான் இருக்கும். ஆனாலும், ஒரு காலை மெல்ல முன்னால் நீட்டி, விரல்களால் தரையைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் அடி எடுத்து வைப்பார். என் சொல்லுக்கு எவ்வளவு மதிப்பு மிச்சம் இருக்கிறது என்பதை அந்தக் கால் எனக்கு ஒவ்வொரு மாலையும் சொல்லிக்கொண்டிருக்கிறது.