பதினேழு வந்தால் போன் வரும்

போன மாதம் ஒரு ராத்திரி நான் வேண்டுமென்றே மல்லாந்து படுத்தேன்.

இதில் என்ன இருக்கிறது என்கிறீர்களா? இருக்கிறது. சொன்னால் திட்டுவீர்கள். பரவாயில்லை, வாராவாரம் உங்களிடம் எதையாவது உளறுகிறவன்தானே... இதையும் கேட்டு வையுங்கள்.

எனக்குத் தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிற வியாதி. அதனால் எட்டு மாதமாக மூக்கில் மாஸ்க் மாட்டிக்கொண்டுதான் படுக்கை. கட்டிலுக்குப் பக்கத்தில் டிபன் பாக்ஸ் அளவில் ஒரு மெஷின். அது ராத்திரி முழுக்கக் காற்றை ஊதி, தொண்டை அடைத்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும். சிபாப் என்று பெயர்.

காலையில் பஜ்ரு தொழுகைக்கு எழுந்தால் திரையில் ஒரு நம்பர் நிற்கும். மணிக்கு எத்தனை தடவை மூச்சு நின்றது, அல்லது குறைந்தது என்கிற கணக்கு. ஐந்துக்குக் கீழே என்றால் நல்ல பிள்ளை. மெஷின் வருவதற்கு முன்னால் எனக்கு முப்பத்தெட்டு!

என் மனைவி இருந்தவரை மெஷின் இல்லாமலே ஓடியது. குறட்டை பாதியில் நின்றால் விலாவில் முழங்கையால் ஒரு இடி விழும். நான் ஒருக்களித்துக்கொள்வேன், மூச்சு வந்துவிடும். அவள் மவுத்தாகி மூன்று வருஷம் ஆகிறது. சிதம்பரத்து வீட்டில் இப்போது நானும் மெஷினும்தான்.

ஒரே மகள் ஷமீனா பெங்களூரில். கணவன், குழந்தை, கம்ப்யூட்டர் வேலை. மெஷின் வந்த அன்றே என் நம்பர் அவளுடைய செல்லுக்குத் தானாகப் போகிற மாதிரி செய்துவிட்டாள். இரண்டு, மூன்று என்றால் வாட்ஸ்அப்பில் ஒரு கட்டை விரல் வரும். ஏழு என்றால் ‘அத்தா, என்ன ஆச்சு?’ என்று ஒரு வரி. பத்தைத் தாண்டினால்?

போன்!

இதை நான் கண்டுபிடித்தது ஒரு கல்யாணத்துக்குப் பிறகு. லால்பேட்டையில் பிரியாணியை மூக்குமுட்டச் சாப்பிட்டுவிட்டு வந்து படுத்தேன். மறுநாள் பதினொன்று. இருபது நிமிஷம் பேசினாள். அப்புறம் ஒரு சளி. நாலு நாளும் பத்துக்கு மேல், நாலு நாளும் போன். மூக்கு ஒழுகிக்கொண்டிருந்த அந்த வாரத்தைப் போல சமீபத்தில் நான் சந்தோஷமாக இருந்ததில்லை. சளி விட்டது, நம்பர் இறங்கியது. மறுபடியும் கட்டை விரல். ஒரு மாதம் பொறுத்துப் பார்த்தேன்.

புதிதாகப் படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: நான் ரிட்டயரான முத்திரை ஆய்வாளர். கடைக்குக் கடை போய்த் தராசும் எடைக்கல்லும் சரிதானா என்று பார்க்கிற உத்தியோகம். பண்ருட்டி மண்டியில் தட்டுக்கு அடியில் புளியை ஒட்டிவைத்த ஆசாமிகளையெல்லாம் கையும் களவுமாகப் பிடித்தவன். அப்பேர்ப்பட்ட யோக்கியன்தான் அன்று மாஸ்க்கின் பட்டையைத் தளர்த்திவிட்டு மல்லாந்து படுத்தேன்.

காலையில் பதினேழு. தலை இரண்டாகப் பிளக்கிற மாதிரி வலி. டீ கொதிப்பதற்குள் போன் வந்துவிட்டது. ஆசையாக எடுத்தேன்... அவள் அழுதுகொண்டிருந்தாள்.

அன்று ராத்திரியே பஸ் ஏறிவிட்டாள். குழந்தையைக் கணவனிடம் விட்டுவிட்டு, மறுநாள் விடிகாலையில் பையோடு வாசலில் நின்றாள். அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.

கடலூரில்தான் என் டாக்டர். பஸ்ஸில் போகும்போது, வீட்டைப் பூட்டிவிட்டுப் பெங்களூருக்கே வந்துவிடச் சொன்னாள். அங்கே புருஷனும் பெண்டாட்டியும் காலை எட்டு மணிக்குக் கிளம்பினால் திரும்ப இருட்டிவிடும். இங்கே தனியாக இருப்பதற்குப் பதில் பத்தாவது மாடியில் தனியாக இருப்பேன். அதைச் சொல்லாமல், யோசிக்கிறேன் என்று மட்டும் சொன்னேன்.

டாக்டர் கம்ப்யூட்டரில் என் எட்டு மாதத்தையும் விரித்துப் பார்த்தார். ஏறி இறங்கிய கோடுகளை ஷமீனா பயத்தோடு காட்டினாள். அவர் அலட்டிக்கொள்ளவில்லை.

“சளி புடிச்சா ஏறும்மா. மல்லாந்து படுத்தா ஏறும். மாஸ்க்குல காத்து லீக் ஆனா ஏறும். ஒரு நாள் நம்பர வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. ஆவரேஜ் மூணுதான் வருது, நல்லாத்தான் இருக்காரு.”

எனக்கு உடனே புரிந்தது. நல்ல தராசின் முள் லேசாக ஆடத்தான் செய்யும். ஆடவே ஆடாத முள்ளைக் கண்டால்தான் நான் தட்டைத் தூக்கிப் பார்ப்பேன்.

பதினேழு வந்த ராத்திரியில் மட்டும் அவர் கொஞ்ச நேரம் நின்றார். விடிய விடியக் காற்று வெளியேறியிருக்கிறதே, பட்டையைத் தளர்த்தினீர்களா பாய் என்று கேட்டார். அதுவாகத் தளர்ந்திருக்கும் என்று சொல்லிவிட்டு ஃபேனைப் பார்த்தேன். அவர் மேலே கேட்கவில்லை. ஷமீனாவிடம் திரும்பினார்.

“தெனம் தெனம் பாக்காதீங்கம்மா. பாத்தா பயம்தான் வரும். மாசத்துக்கு ஒரு தடவ ஆவரேஜ் பாருங்க, போதும்.”

அவள் முகத்தில் எத்தனை நிம்மதி! திரும்பி வரும் பஸ்ஸிலேயே செல்லை எடுத்து, காலை நம்பர் வருவதை நிறுத்திவிட்டாள். பெங்களூர் பேச்சையும் விட்டுவிட்டாள். நான் ஜெயித்துவிட்டேன் அல்லவா? வீடு தப்பியது. ஆனால் என் போன் போய்விட்டது. தன் வினை தன்னைச் சுடும் என்று சும்மாவா சொன்னார்கள்?

அதற்கப்புறம் மெஷின் என்னைப் பழிவாங்குகிற மாதிரி நல்ல நம்பராகவே கொடுத்தது. இரண்டு புள்ளி ஒன்று. ஒன்று புள்ளி எட்டு. கட்டை விரல்கூட இல்லை. வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் நாலு நிமிஷப் பேச்சு, அதிலும் பாதியைப் பேரன் பிடுங்கிக்கொள்வான். ஒரு நாள் மனசு தாங்காமல் டீக்கடைக்காரரிடமே என் நம்பரைச் சொன்னேன். “சுகரா பாய்? ரொம்ப கம்மியா இருக்கே” என்று டீயில் இன்னொரு ஸ்பூன் சர்க்கரை போட்டார்.

போன செவ்வாய்க்கிழமை காலை, நானே அவளுக்குப் போன் போட்டேன். முதல் மணியிலேயே எடுத்தாள்.

“அத்தா, என்ன ஆச்சு? எவ்ளோ வந்துச்சு?”

“ஒண்ணும் ஆவலம்மா. ஒண்ணு புள்ளி எட்டு.”

“அப்ப எதுக்குத்தா போன் பண்ணீங்க?”

குத்திக் காட்டுவதற்காகக் கேட்கவில்லை. நிஜமாகவே அவளுக்குப் புரியவில்லை. எனக்குத்தான் சுருக்கென்றது.

சொல்லிவிட்டேன். உன் குரலைக் கேட்கவேண்டும்போல இருந்தது, அதான் என்றேன். அன்றைய பதினேழு நானாக வரவழைத்தது என்பதையும் சொன்னேன். பட்டையைத் தளர்த்தியது, மல்லாந்து படுத்தது, எல்லாவற்றையும்.

திட்டட்டும் என்று காத்திருந்தேன். ரிட்டயரான அதிகாரி, எழுபதை நெருங்குகிற வயசு, செய்த காரியம் அப்படி. திட்டினால் வாங்கிக்கொள்ளத்தான் வேண்டும்.

அவள் திட்டவில்லை. சின்னக் குரலில் சொன்னாள்.

“நான் சரியா தூங்கி ரெண்டு மாசம் ஆவுதுத்தா.”

ஆபீசில் ஆட்களைக் குறைக்கிறார்களாம். மூன்று மணிக்கே முழிப்பு வந்துவிடுகிறதாம். யாரிடமும் சொல்லவில்லையாம். அன்று முக்கால் மணி நேரம் அவள்தான் பேசினாள்.

எட்டு மாதமாக என் தூக்கத்தை எண்ணிக்கொண்டிருந்த பிள்ளையிடம், நீ தூங்கினாயா என்று நான் ஒரு நாள்கூடக் கேட்டதில்லை.