தங்கை அனுப்பிய சோம்பல் சொற்கள்

என் தங்கை ஹாங்காங் போய் மூன்று வருஷம் ஆகிறது. அங்கே ஓர் ஓட்டல் அடுக்களையில் வேலை. இங்கே மீனாட்சிபுரத்தில் நான் கறவையை முடித்து, பாலைச் சொசைட்டியில் ஊற்றிவிட்டு வருவதற்குள் அவளுடைய குரல்பதிவு ஒன்று போனில் வந்து கிடக்கும். அடுக்களையில் பொறுக்கிய கான்டனீஸ் சொல் ஏதாவது அதில் இருக்கும். முக்கால்வாசி சோம்பேறித்தனத்துக்கான சொற்கள்தான். திட்டு வாங்கியே கற்றுக்கொண்டாளாம்.

வேலை நேரத்தில் நழுவுகிறவன் 'ஸே வோங்'. பாம்பு ராஜா என்று அர்த்தம். ஒன்றும் செய்யாமல் பொழுதைக் கழிப்பதற்கு 'ஹே'. "ஏனக்கா ஸே வோங், சாணி அள்ளியாச்சா?" என்று என்னையே கிண்டல் செய்வாள். நகராமல் நிற்கிற எருமையை நானும் ஸே வோங் என்றே வைய ஆரம்பித்தேன். அது அப்போதும் நகரவில்லை.

போன மழைக்காலத்தில் ஒருநாள் 'மோ சம் கெய்' என்று சொல்லி அனுப்பினாள். குரலில் சிரிப்பு இல்லை. அர்த்தம் கேட்டேன். "எதுலயும் மனசு ஒட்டலைன்னு அர்த்தம், அக்கா" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து எழுத்தில் ஒற்றைச் சொல் வந்தது: மடி.

எங்கள் ஊர் கேரள எல்லையில்; பாதி வாய் மலையாளம். மடி என்றால் சோம்பல். பள்ளிக்கூடம் போக மடி, குளிக்க மடி என்று சொல்லியே வளர்ந்தோம். எனக்கு வேறெதுவும் தோன்றவில்லை. "மடி புடிச்ச கழுதை, போயி வேலையப் பாரு" என்று எழுதி, சிரிக்கிற பொம்மை இரண்டையும் சேர்த்து அனுப்பினேன்.

அதற்கப்புறம் ஒரு வாரம் சொல்லே வரவில்லை. கோபமா என்று நானே கூப்பிட்டுக் கேட்டேன்.

"கோவமெல்லாம் இல்லக்கா. 'வந்து படுத்துக்க அம்மிணி'ன்னு சொல்லுவியோன்னு பாத்தேன்."

புரிய ஒரு நிமிஷம் பிடித்தது. வீட்டில் இருந்தவரை, பேன் பார்க்கச் சொல்லி என் மடியில்தான் தலைவைத்துப் படுப்பாள். கால் மரத்துப்போய், "எந்திரி புள்ள, வேலை கெடக்குது" என்று தள்ளிவிடுவேன்.

அவளுக்கு லீவு இனி அடுத்த வருஷம்தான். அவளைப் பார்க்காமல் எனக்கும் மோ சம் கெய்தான். காலையும் மாலையும் மாட்டு மடியில் கை வைக்கிறவள் நான். அன்றைக்கு, 'எந்த மடி அம்மிணி?' என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.