அமாவாசைக்கு மலையேறும் சுமதி

இன்று காலை புதுக்கோட்டை பஸ்ஸில் கல்லூரித் தோழி சுமதி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நேற்று அமாவாசை. கொல்லிமலையில் நட்சத்திரம் பார்க்கிறவர்களோடு விடிய விடிய இருந்துவிட்டு வருகிறாளாம்.

“சனியோட வளையத்தை டெலஸ்கோப்புல பாத்தேன்டி! நீயும் வந்திருக்கலாம்ல?”

கல்லூரியில் அவளுக்கு வானத்தைக் காட்டிப் பைத்தியம் பிடிக்கவைத்ததே நான்தான். வயிறு எரிந்தது.

“நிலா இல்லாத ராத்திரிதான் ஒங்களுக்குத் தோது. எனக்கு அன்னைக்குத்தான் வீட்டுல படையல். எப்படி வாரது?”

“படையல் மத்தியானமே முடிஞ்சிருமேடி. அப்புறம் கெளம்புறதுக்கு என்ன?”

இத்தனை வருடத்தில் யாரும் இதைக் கேட்டதில்லை, நான் உட்பட.

“என் ஸ்டாப் வந்துருச்சு” என்று அன்னவாசலிலேயே இறங்கிவிட்டேன்.

புதுக்கோட்டைக்கு அடுத்த பஸ் எப்போது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அப்படியே, மத்தியானத்துக்கு மேல் கொல்லிமலைக்கு எப்படிப் போவது என்றும்.